பயன்படுத்திய நீரும் ஓர் அமானிதமே
(ஜும்ஆ உரை)

புகழனைத்தும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அவனது அருளும் சாந்தியும் இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக!

முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு உபதேசம் செய்துகொள்கிறேன்.

இன்று நாம் சிந்திக்க இருப்பது நம் வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீரைப் பற்றி. மிம்பரில் சாக்கடையைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் தூய்மையை ஈமானோடு இணைத்த மார்க்கம் நம்முடையது. நம் உடலையும் உடையையும் கழுவிய அழுக்கு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் நம் தூய்மை முழுமை பெறாது. நாம் சுத்தமாகி அடுத்த வீட்டாரின் கிணற்றை அசுத்தமாக்கினால், அது அழுக்கை இடம் மாற்றியதே தவிர வேறில்லை.

நீர் எனும் அருட்கொடை

உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹ் அறிவிக்கின்றான் (21:30). வானிலிருந்து தூய்மையான நீரை இறக்குவதாகவும், அதைக் கொண்டு வறண்ட பூமிக்கு உயிரூட்டுவதாகவும் கூறுகின்றான் (25:48, 49). அதே இறைவன், உங்கள் நீர் பூமிக்குள் இறங்கிவிட்டால் ஊற்று நீரை உங்களுக்குக் கொண்டு வருபவர் யார் என்னும் பொருள்பட நம்மிடம் வினவுகின்றான் (67:30). நாற்பது அடியில் நீர் கிடைத்த ஊரில் இன்று நானூறு அடிக்குத் துளையிடுவோருக்கு இக்கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. அப்போது லாரியின் வரவை எதிர்நோக்கிக் குடங்களுடன் நின்ற மக்களில் நம் சகோதரிகளும் இருந்தனர். கடற்கரை ஊர்களிலோ, நன்னீரை அளவுக்கு மீறி இறைத்ததன் விளைவாகக் கிணறுகளில் உப்பு ஏறுகின்றது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்வார்கள். ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). ஒரு முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவாகும். ஒரு லிட்டருக்கு அது மேற்படாது. நம் நிலை என்ன? நிமிடத்திற்கு 5 லிட்டர் கொட்டும் குழாயைத் திறந்துவிட்டு மூன்று நிமிடம் உளூச் செய்தால் 15 லிட்டர் போய்விடுகின்றது. நம்ப இயலாதவர் அடுத்த வேளை குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துப் பார்க்கட்டும்.

ஆகவே, நீரைப் பற்றிய முதல் கடமை சிக்கனமே. ஓடும் ஆற்றின் கரையில் உளூச் செய்தாலும் வீண் விரயம் கூடாது எனும் கருத்துடைய அறிவிப்பும் இப்னு மாஜாவில் உண்டு. இரண்டாவது கடமையைப் பற்றியே நாம் குறைவாகப் பேசுகிறோம். சிக்கனமாகப் பயன்படுத்திய பின்னரும் ஒரு பகுதி நீர் வெளியேறத்தான் செய்யும். அந்த நீரின் கதி என்ன?

நாமே அசுத்தமாக்கும் நீர்

இந்தியாவில் வீட்டுக்குள் குழாய் வசதியுள்ள நகரங்களுக்கு, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் எனத் திட்டமிடுகின்றனர். இதில் குளிப்பதற்கு 55 லிட்டர், துணி துவைக்க 20 லிட்டர், கழிவறைக்கு 30 லிட்டர் எனக் கணக்கு வகுத்துள்ளனர். எஞ்சியது பாத்திரம் துலக்க, வீடு கழுவ, சமைக்க, குடிக்க. அதாவது ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் குளியல் நீரும் சலவை நீரும் மட்டும் ஒரு நாளைக்கு 375 லிட்டர். கோடையில் ஒரு தென்னைக்கு நாள்தோறும் 50 லிட்டர் ஊற்றுவதாக வைத்துக்கொண்டால், இந்நீர் ஏழு தென்னைகளுக்குப் போதும்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? உளூச் செய்த நீர், குளித்த நீர், துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கழிவறை நீர் ஆகிய ஐந்தையும் ஒரே குழாயில் இணைத்து விடுகிறோம். மலம் கலந்தது 30 லிட்டர் மட்டுமே. அதனோடு சேர்ந்த குற்றத்திற்காக மற்ற நீர் முழுவதும் மலக் கழிவாக மாறிவிடுகின்றது. பிறகு அதைச் சுத்தம் செய்வது கடினமாகின்றது, செலவும் கூடுகின்றது. நல்லதையும் கெட்டதையும் கலக்காதிருப்பதே சுத்திகரிப்பின் முதற்படி. இதற்கு இயந்திரம் தேவையில்லை. வீடு கட்டும்போது ஒரு குழாய் கூடுதலாகப் போட்டால் போதும்.

நம் பாட்டனார் காலத்து வீடுகளில் கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்கும், பாத்திரம் துலக்கிய நீர் சேம்புக்கும், ஹவுளிலிருந்து வழிந்த நீர் பள்ளிவாசல் தென்னைக்கும் பாய்ந்தது. அவர்கள் அதற்கு அறிவியல் பெயர் சூட்டவில்லை. எனினும் நீரை ஒருமுறையோடு கைவிடக்கூடாது என்பதை அறிந்திருந்தனர்.

மார்க்கச் சட்டம் கூறுவது என்ன?

பயன்படுத்திய நீர் என்றாலே நஜீஸ் என எண்ணி ஒதுக்குவோர் நம்மில் உண்டு. எனவே சட்டத்தைத் தெளிவுபடுத்துவது அவசியம்.

ஃபிக்ஹு அறிஞர்கள் நீரை மூவகையாகப் பிரித்துக் காட்டுவர். முதலாவது, தானும் தூய்மையாக இருந்து பிறவற்றையும் தூய்மைப்படுத்தும் நீர். மழை, கிணறு, ஆறு, கடல் ஆகியவற்றின் நீர் இவ்வகையைச் சேரும். இரண்டாவது, தான் தூய்மையானது; ஆனால் உளூவுக்கோ குளிப்புக்கோ பயன்படாதது. கடமையான உளூவுக்குப் பயன்படுத்திய சிறிதளவு நீரை ஷாஃபி மத்ஹபினர் இவ்வகையில் சேர்ப்பர். ஹனஃபி மத்ஹபிலும் ஃபத்வா வழங்கப்படும் கருத்து இதுவே. மாலிக்கி அறிஞர்கள் இன்னும் தாராளமாகக் கூறுவர். மூன்றாவது, நஜீஸ் கலந்து அசுத்தமான நீர்.

எனவே உளூச் செய்த நீர் மறுமுறை உளூவுக்கு ஆகாது என்பதனால் அது நஜீஸ் ஆகிவிடாது. ஆடையில் பட்டாலும் தொழுகைக்குத் தடையில்லை. செடிக்கு ஊற்றுவதில் எள்ளளவும் தயக்கம் வேண்டியதில்லை. சோப்புக் கலந்த குளியல் நீரும், நஜீஸ் படாத ஆடைகளைத் துவைத்த நீரும் தாஹிரான நீரே. குழந்தையின் மலம், சிறுநீர் பட்ட துணிகளை அலசிய நீர் வேறு. அதைத் தனியே கழிவறையில் ஊற்றிவிட வேண்டும். மார்க்கச் சட்டமும் மருத்துவமும் இங்கு ஒரே கட்டளையைத்தான் இடுகின்றன.

நஜீஸ் கலந்த நீர் மீண்டும் தூய்மையாகுமா? இக்கேள்விக்கும் பழைய நூல்களில் விடை உண்டு. இரு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் அளவுக்குக் குறையாத நீரில் நஜீஸ் விழுந்து, நிறம், சுவை, வாடை ஆகியவற்றுள் ஒன்று மாறிவிட்டால் அது அசுத்தம். அம்மாற்றம் தானாக நீங்கிவிட்டாலோ, மேலும் நீர் சேர்ந்ததால் நீங்கிவிட்டாலோ அந்நீர் மீண்டும் தூய்மையாகிவிடும் என ஷாஃபி அறிஞர்கள் கூறுகின்றனர். ஆனால் கஸ்தூரியைப் போட்டு வாடையை அமுக்கினாலோ, குங்குமப்பூவைப் போட்டு நிறத்தை மறைத்தாலோ அது தூய்மையாகாது என்கின்றனர். எவ்வளவு நுட்பமான பார்வை! அழுக்கு நீங்குவது வேறு, அழுக்கு மறைவது வேறு. சாக்கடையில் வாசனைத் திரவத்தை ஊற்றிவிட்டுச் சுத்தமாகிவிட்டதாக நினைப்போர் இதைச் சிந்திக்கட்டும்.

இக்கால அறிஞர்களும் இவ்வடிப்படையிலேயே தீர்ப்பளித்துள்ளனர். சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் பேரவை 1978ஆம் ஆண்டு ஒரு முடிவை அறிவித்தது. கழிவுநீரை நவீன முறைகளில் முழுமையாகச் சுத்திகரித்து, நஜீஸின் நிறம், சுவை, வாடை எதுவும் எஞ்சாவிடில் அந்நீர் தூய்மையானதே. உடல்நலத்திற்குத் தீங்கு விளையுமானால், அத்தீங்கின் காரணமாக அதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது எடுத்துரைத்தது. மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு பேரவையும் 1989ஆம் ஆண்டு இதே கருத்தில் முடிவெடுத்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. அப்பேரவைகள் பேசியது பல கட்டங்களாகச் சுத்திகரித்துச் சோதனை செய்யப்படும் நீரைப் பற்றி. நம் வீட்டுக் கொல்லையில் கல்லும் செடியும் கொண்டு நாம் வடிக்கும் நீர் அந்தத் தரத்தை எட்டாது. அது மரம் செடிகளுக்கு உரியது. குடிப்பதற்கோ, உளூவுக்கோ, பாத்திரம் கழுவுவதற்கோ உரியதன்று. கண்ணாடிக் குவளையில் தெளிவாகத் தெரியும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். சட்டப்படி தாஹிர் என்பது ஒன்று. உடலுக்குத் தீங்கற்றது என்பது மற்றொன்று. இரண்டையும் பேணுபவரே அறிவுடைய முஃமின்.

மண்ணிலும் வேரிலும் அல்லாஹ் வைத்த ஏற்பாடு

அழுக்கு நீரை மண் எவ்வாறு தூய்மையாக்குகின்றது? ஜல்லிக் கற்கள் நிரம்பிய பாத்தியில் நீர் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது கனமான அழுக்குகள் படிகின்றன. மிதக்கும் துகள்கள் கற்களிடையே சிக்குகின்றன. சில வாரங்களில் ஒவ்வொரு கல்லின் மீதும் வழுவழுப்பான மெல்லிய படலம் உருவாகின்றது. அது கோடானுகோடி நுண்ணுயிர்களின் குடியிருப்பு. நீரில் கரைந்துள்ள சோப்பு, வியர்வை, எண்ணெய்ப் பசை ஆகியவை அவற்றின் உணவு. அவை உண்டு சிதைத்தபின் எஞ்சும் சத்துகளைச் செடியின் வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. நீரில் நிற்கும் இயல்புள்ள செடிகள் தம் தண்டின் வழியாகக் காற்றை வேருக்கு இறக்கி, அந்நுண்ணுயிர்களுக்கு மூச்சும் அளிக்கின்றன. மின்சாரம் இல்லை, மருந்து இல்லை, ஓசை இல்லை.

ஜெர்மானியத் தாவரவியலாளர் கேத்தே ஸைடெல் என்னும் பெண்மணி 1950களில் கோரை இனச் செடிகளைக் கொண்டு இத்தகைய ஆய்வுகளைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் இம்முறை வழக்கத்தில் உள்ளது. நம் பகுதியிலேயே புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீருக்குத் தொட்டிகளும் செடிகள் நட்ட ஜல்லிப் பாத்தியும் குளமும் கொண்ட அமைப்பு உருவாக்கப்பட்டது. அந்நீர் தோட்டத்திற்குப் பயன்படுமாறு திட்டமிடப்பட்டது.

ஜோர்தான் உலகில் மிகக் கடுமையான நீர்ப் பஞ்சமுள்ள நாடுகளில் ஒன்று. தஃபீலா, கரக் ஆகிய பகுதிகளின் ஏழைக் குடும்பங்களுக்காக, அம்மானில் இயங்கிய இஸ்லாமிய நாடுகளின் நீர்வள வலையமைப்பு ஓர் எளிய முறையை அறிமுகப்படுத்தியது. நான்கு பிளாஸ்டிக் பீப்பாய்கள் வரிசையாக வைக்கப்பட்டன. முதல் பீப்பாயில் எண்ணெய்ப் பசை மிதக்கும்; மண்டி அடியில் தங்கும். அடுத்த இரு பீப்பாய்களிலும் சரளைக் கற்கள். அவற்றினூடே நீர் கீழிருந்து மேலாக ஏறி வரும். நான்காவது பீப்பாயில் சேர்ந்த நீரை ஒரு சிறு பம்பு சொட்டுக்குழாய்கள் வழியாக ஒலிவ மரங்களுக்கு அனுப்பியது. விலைகொடுத்து நீர் வாங்கிய குடும்பங்களின் கொல்லையில், கழுவிய நீரே மரம் வளர்த்தது.

ஓமனின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மஸ்கத் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் உளூ நீரைச் சேகரித்து, வடிகட்டிச் செடிகளுக்குப் பாய்ச்சும் அமைப்பை நிறுவினர். அதன் விவரங்களை 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் செய்ததை நம் ஜமாஅத்துகள் செய்ய முடியாதா?

நம் வீட்டில் செய்வது எப்படி?

இடம் குறைந்த வீட்டினர் மிக எளிய வழியைக் கைக்கொள்ளலாம். கொல்லையில் இரண்டு அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, அதனைத் தேங்காய் மட்டை, காய்ந்த சருகு, மரக்கிளைத் துண்டுகள் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். குழியின் விளிம்பைச் சுற்றி வாழையும் சேம்பும் நட வேண்டும். குளியலறைக் குழாயை மட்டைகளின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே விட வேண்டும். நீர் வெளியே தேங்காது, கொசுவுக்கு இடமிராது. மட்டைகள் மக்கி அமிழும்போது மேலே புதியவற்றைப் போட்டால் போதும். மக்கியது உரமாகும்.

சற்று இடமுள்ளவர்கள் செடிப் பாத்தி அமைக்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் எனக் கணக்கிட்டு, ஐந்து பேருக்கு 5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட தொட்டி போதுமானது. நீர் கீழே கசியாதவாறு சிமெண்டுப் பூச்சோ, கெட்டியான பிளாஸ்டிக் விரிப்போ வேண்டும். தரை, நீர் வெளியேறும் பக்கமாக 5 சென்டிமீட்டர் சரிந்திருக்க வேண்டும். நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒன்றரை இஞ்சு ஜல்லியும், நடுவில் கழுவிய முக்கால் இஞ்சு ஜல்லியும் இடலாம். வெளியேறும் குழாயின் எல்போவை உயர்த்தியோ தாழ்த்தியோ, நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே நிற்குமாறு செய்ய வேண்டும். கையை வைத்தால் மேல் ஜல்லி காய்ந்திருக்க வேண்டும். இதுவே முக்கியமான அடையாளம். மேலே நீர் தெரிந்தால் நாற்றமும் கொசுவும் வரும்.

ஜல்லிகளின் இடைவெளியில் ஏறத்தாழ 1000 லிட்டர் நீர் தங்கும். நாளொன்றுக்கு 375 லிட்டர் வருமானால் ஒவ்வொரு துளியும் இரண்டரை நாளுக்கு மேல் பாத்திக்குள் தங்கிச் செல்லும். நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்ய அவகாசம் அவ்வளவு தேவை. கல்வாழை, நாணல், சம்பங்கோரை ஆகியவை இப்பாத்திக்கு ஏற்றவை. கல்வாழை அழகிய பூவும் தரும். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பாத்திக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி அவசியம். முடி, நூல், மணல், சோப்புக் கட்டி ஆகியவை அங்கேயே தங்க வேண்டும். இல்லாவிடில் ஜல்லி விரைவில் அடைபடும். வாரந்தோறும் அதைத் திறந்து அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். சமையலறை நீரை இதில் சேர்க்க விரும்புவோர், எண்ணெய் மிதந்து பிரியத் தனித் தொட்டி ஒன்றை அமைத்த பின்னரே சேர்க்க வேண்டும். பிரியாணிச் சட்டி கழுவிய நெய்யை நேராகப் பாத்திக்கு விட்டால், அப்பாத்தி சில மாதங்களும் தாங்காது.

பேண வேண்டிய ஒழுங்குகள்

முதலாவதாக, வீட்டிலிருந்து வரும் நீரைச் சுத்திகரிக்காமல் தேக்கி வைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மேல் நின்றால் அது அழுகி நாறத் தொடங்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு இத்தகைய அழுக்கு நீரில்தான் பெருகுகின்றது.

இரண்டாவதாக, இந்நீரைச் செடியின் மேல் தெளிக்கக் கூடாது. வேரடியில், இயன்றால் சருகின் கீழே விட வேண்டும். தென்னை, வாழை, எலுமிச்சை, பூமரங்கள் ஆகியவற்றுக்குப் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, மண்ணுக்குள் விளையும் முள்ளங்கி, கேரட் ஆகியவற்றுக்குக் கூடாது.

மூன்றாவதாக, சோப்பிலும் நிதானம் தேவை. சலவைத்தூளில் உள்ள சோடியம் உப்பு மிகுந்தால் களிமண் இறுகி நீரை உள்ளே விடாது. பிளீச்சிங் திரவமும் கழிவறை கழுவும் அமிலமும் பாத்தியின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சலவைத்தூளை அளவோடு பயன்படுத்துவதும், மழைக்காலத்தில் இந்நீரைச் செடிகளுக்கு விடாமல் பொதுச் சாக்கடைக்குத் திருப்பி, பெய்யும் மழையால் மண்ணின் உப்பைக் கழுவிவிடுவதும் நல்லது.

நான்காவதாக, வீட்டில் எவருக்கேனும் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ இருந்தால், குணமாகும்வரை அந்நீரைப் பாத்திக்கு விடாமல் கழிவறைக் குழாயில் திருப்பிவிட வேண்டும். இதற்காகத் தொடக்கத்திலேயே ஒரு திருப்பு வால்வு வைத்துவிடுவது நன்று.

ஐந்தாவதாக, இந்நீர்க் குழாய் குடிநீர்க் குழாயோடு எங்கும் இணையக் கூடாது. வேறு நிறம் பூசி, குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாத்தியில் வேலை செய்தபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

அண்டை வீட்டாரின் உரிமை

சகோதரர்களே! இவ்வளவும் சொல்வது செடிக்கு நீர் கிடைக்க மட்டுமன்று. இதில் மனிதர்களின் உரிமை அடங்கியுள்ளது.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் செயல் என எச்சரித்தார்கள் (நூல்: அபூதாவூத்). இன்று நாம் நேரடியாக அவ்வாறு செய்வதில்லை. ஆனால் அடித்தளம் போடாமல் குழியை வெட்டி, அதற்குச் செப்டிக் டேங்க் எனப் பெயரிட்டு, நிரம்புவதே இல்லை எனப் பெருமை பேசுகிறோம். நிரம்பாத டேங்க் எங்கே வடிகின்றது? மணற்பாங்கான நம் கடற்கரை ஊர்களில் அது சுவருக்கு அப்பாலுள்ள கிணற்றை நோக்கித்தான் வடிகின்றது. அக்கிணற்று நீரில்தான் அண்டை வீட்டுக் குழந்தை வாய் கொப்பளிக்கின்றது. அண்டை வீட்டார் உரிமையைக் குறித்து ஜிப்ரீல் (அலை) இடைவிடாது வலியுறுத்தியதால், வாரிசுரிமையும் வந்துவிடுமோ என நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக ஹதீஸ் உண்டு (நூல்: புகாரி, முஸ்லிம்). அத்தகைய அண்டை வீட்டாருக்கா நாம் மலக் கழிவைப் பங்கு வைக்கிறோம்?

கிணற்றுக்கு ‘ஹரீம்’ எனும் பாதுகாப்பு எல்லை உண்டு என நம் சட்ட அறிஞர்கள் எழுதியுள்ளனர். கிணறு வெட்டியவருக்கு அதைச் சுற்றி நாற்பது முழம் உண்டு என இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உள்ளது. அது கால்நடைகள் தங்குவதற்காகச் சொல்லப்பட்டதே தவிர, மலக்குழியின் தூரத்திற்காக அன்று. ஆயினும் கிணற்றைச் சூழ்ந்த நிலத்தில் எவரும் தம் விருப்பம்போல் எதையும் செய்துவிட முடியாது எனும் நெறி அதில் உண்டு. செப்டிக் டேங்கின் கழிவு உறிஞ்சப்படும் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் எனப் பொறியாளர்கள் கூறுகின்றனர். மணல் நிலத்தில் இன்னும் கூடுதலாக இருப்பதே பாதுகாப்பு. இடமில்லாதவர்கள் தொட்டிக்கு அடித்தளம் போட்டு, நிரம்பும்போது முறையாக அகற்ற வேண்டும். செலவு அதிகம் என்பது உண்மையே. எனினும் தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. நம் செலவை மிச்சப்படுத்த அடுத்தவர் நோயை விலையாகக் கொடுக்க முடியாது.

குளியல் நீரைத் தனியே பிரித்துவிட்டால், செப்டிக் டேங்கில் விழும் நீரின் அளவு பெரிதும் குறையும். அது நிரம்புவதும் தாமதமாகும். மண்ணுள் கசிவதும் குறையும். ஆகவே கொல்லையில் நாம் அமைக்கும் ஒரு சிறு பாத்தி, நம் வாழைக்கு நீரையும் அண்டை வீட்டாரின் கிணற்றுக்குப் பாதுகாப்பையும் ஒருசேர வழங்குகின்றது.

பள்ளிவாசல் முன்மாதிரியாகட்டும்

இப்பணியைப் பள்ளிவாசலிலிருந்து தொடங்குவது எளிது. உளூ நீரில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. ஒருவருக்கு 5 லிட்டர் எனக் கொண்டாலும், 200 பேர் உளூச் செய்யும் ஒரு ஜும்ஆ நாளில் மட்டும் 1000 லிட்டர் நீர் வெளியேறுகின்றது. அதைக் கழிவறைக் குழாயோடு சேர்க்காமல் தனியே கொண்டுவந்து, ஒரு ஜல்லிப் பாத்தி வழியாகப் பள்ளி வளாகத்தின் மரங்களுக்கும் கப்ருஸ்தானின் நிழல் மரங்களுக்கும் பாய்ச்சலாம். மஹல்லாவிலுள்ள கொத்தனாரும் பிளம்பரும் ஒருமுறை பள்ளியில் செய்து பழகிவிட்டால், வீடுதோறும் செய்து தருவார்கள். புதுவீடு கட்டுவோர் நகல் வரைபடத்துடன் ஜமாஅத் நிர்வாகிகளை அணுகும்போது, இரு குழாய்கள் போடுமாறு நினைவூட்டுவதை ஒரு வழக்கமாக்கலாம்.

சகோதரிகளே! வீட்டின் நீர் பெரும்பாலும் உங்கள் கைகளின் வழியாகவே செல்கின்றது. எந்த நீரை எங்கே ஊற்றுவது என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. அரிசி களைந்த நீரைச் செடிக்கும், குழந்தைத் துணி அலசிய நீரைக் கழிவறைக்கும் பிரித்து ஊற்றும் பழக்கத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் கால்நடையும் உண்பது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). நீங்கள் பாத்திரத்தில் மிச்சம் பிடித்து ஊற்றிய நீரில் வளர்ந்த எலுமிச்சையிலிருந்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் ஒரு கனியும் அதில் அடங்கும், இன்ஷா அல்லாஹ்.

அருட்கொடைகளைப் பற்றி மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம் (102:8). நீரும் அவற்றுள் ஒன்று. எவ்வளவு பயன்படுத்தினாய் என்பதோடு, பயன்படுத்திய பின் என்ன செய்தாய், யாருடைய கிணற்றில் விட்டாய் எனவும் கேட்கப்படுமானால் நம்மிடம் விடை வேண்டாமா? இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்வோம். நம் வீட்டுக் குழாய்கள் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன எனச் சுற்றிப் பார்ப்போம். குளியலறைக் குழாய் எங்கே கழிவறைக் குழாயோடு சேர்கின்றதோ, அந்த இணைப்பைப் பிரிப்பதிலிருந்து நம் பணி தொடங்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களையும் உடல்களையும் இல்லங்களையும் தூய்மையாக்குவாயாக! எங்கள் ஊர்களுக்குப் பயனுள்ள மழையைப் பொழிவாயாக! எங்கள் கிணறுகளை வற்றாமலும் கெடாமலும் காப்பாயாக! நீ அளித்த நீரை வீணாக்காமலும், அதைக் கொண்டு எவருக்கும் தீங்கிழைக்காமலும் வாழ எங்களுக்கு அருள்புரிவாயாக! ஆமீன்.